கல்யாணக் காருக்குப் பந்தயப் பம்பு

குன்றிமணி அளவு சிவப்பு விளக்கு அது. அண்ணனின் வெள்ளை அம்பாசிடரில், ஸ்டியரிங்குக்குப் பின்னால், என்ஜினுக்குள் ஆயில் ஓட்டம் குறைந்தால் மட்டும் எரிய வேண்டியது. நான் முன்சீட்டில் இடப்பக்கம் உட்காரும்போதெல்லாம் சாலையைப் பார்த்ததில்லை, அதைத்தான் பார்ப்பேன். திண்டுக்கல்லிலிருந்து சாணார்பட்டி வரைக்கும், இந்தப் பக்கம் ஒட்டன்சத்திரம் வரைக்கும், நேர்ரோட்டில் அது செத்துக் கிடக்கும். சிறுமலை ஏறத் தொடங்கியதும் உயிர் வரும். கொண்டை ஊசி வளைவில் வண்டி சாயும் அந்த ஒரு நொடி, சட்டென்று ஒரு சிவப்பு. உடனே அணைந்துவிடும். அண்ணன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே ஓட்டுவார். நான் மட்டும் அடுத்த வளைவு, அதற்கடுத்த வளைவு என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டே மேலே போய்ச் சேருவேன். இறங்கும்போது மறுபடி எண்ண வேண்டும் என்ற நினைப்பில் மேலே போட்ட சோறும் இறங்காது.

நான் பயந்தாங்கொள்ளி. இதைச் சொல்ல ஐம்பதை நெருங்க வேண்டியிருந்தது. தண்ணீரில் பயம், உயரத்தில் பயம், தொலைபேசி ஒலித்தால் பயம். நாலு வயது மூத்த அண்ணனின் பங்கும் சேர்த்து எனக்கே வந்துவிட்டதோ என்னவோ, அவரிடம் மருந்துக்கும் பயம் கிடையாது. பழைய அம்பாசிடர் ஒன்றை வாங்கி, துரு சுரண்டி, பெயின்ட் அடித்து, கல்யாண வீடுகளுக்கு மாப்பிள்ளை பெண் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். எத்தனை சொகுசுக் கார் வந்தாலும் படமெடுக்க இந்த உருண்டை மூக்குதான் வேண்டும் என்று கேட்கிற காலம் இது. துணைக்கு என்னையும் கூட்டிப் போவார். பேச்சுத் துணைக்கு என்பார். நான் பேசியதில்லை, விளக்கைப் பார்த்துக்கொண்டு வருவேன்.

"அது ஒண்ணுமில்லலே. வளைவுல ஆயிலு ஒரு பக்கமா ஒதுங்குது, பம்பு காத்தைக் குடிக்குது. கொஞ்சம் ஊத்தி அளவு ஏத்துனா நின்னுரும்" என்பார். நான் நம்பவில்லை. பயம் எளிய பதிலை நம்பாது. அதற்குப் பெரிய மருந்து வேண்டும். ராத்தூக்கம் கெட்டு, பந்தயக் கார்களின் வீடியோக்களாகப் பார்த்தேன். எப்படிப்பட்ட வளைவிலும் ஆயில் குறையாத என்ஜின்கள். கடைசியில் கோயம்புத்தூரில் பந்தய வண்டிகளுக்குச் சாமான் செய்யும் ஒருவரைத் தேடிப் போனேன்.

அவர் நல்ல மனிதர். முதலில் அவர் கேட்டதே இதுதான்: "ஏனுங்க, வண்டி எங்க ஓடுது? டிராக்லீங்களா?"

"கல்யாணத்துக்கு."

சிரித்துவிட்டார். "அதுக்கு இதெல்லாம் எதுக்குங்க? சேம்பர்ல ஒரு தடுப்புத் தகடு வெச்சுக்கங்க. ஆயிலு ஒதுங்காது. அம்புட்டுத்தான்னு உங்க ஊர்ல சொல்லுவீங்களே, அம்புட்டுத்தானுங்க." சேம்பர் என்பது என்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கி நிற்கும் சட்டி. அதற்குள் ஒரு சின்னத் தகடு. வெளியே யார் கண்ணுக்கும் தெரியாது. எனக்கு அது போதவில்லை. தகடும் வேண்டும், பெரிய பம்பும் வேண்டும், ஆயிலைக் குளிரவைக்கும் கூலரும் வேண்டும் என்று நின்றேன். பிடிவாதக்காரனுக்கு எத்தனை தடவைதான் சொல்வார். கொடுத்தார்.

அண்ணன் சாமானையெல்லாம் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு செத்த நேரம் பார்த்தார். "ஏலே, இது பந்தயத்துக்குப் போற வண்டியா? பந்திக்குப் போற வண்டிலே" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "சரி, மாட்டிருவோம். நீ பயப்படாம வரணும்ல." அந்த வண்டிக்கு அது வேண்டாம் என்று அவருக்குத் தெரியும். எனக்கு வேண்டும் என்பதற்காக மாட்டினார். அதுவரை ஆயில் என்ஜினின் வயிற்றுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. இப்போது அது தடித்த இரண்டு ரப்பர் குழாய்கள் வழியாக வெளியே வந்து, முன்கிரில்லுக்குப் பின்னால் இருந்த கூலருக்குள் போய் ஆறி, மறுபடி உள்ளே திரும்பியது. பெரிய பம்பு அதை முன்னைவிட வேகமாகத் தள்ளியது. என்ஜின் இணைப்புகளை அடைக்கும் பழைய கேஸ்கட்டுகள் இந்தத் தள்ளலைத் தாங்காமல் ஓரங்களில் வியர்த்தன. காலையில் வண்டியை எடுத்தால் தரையில் கறுப்புப் பொட்டுகள். ஆனால் வளைவுகளில் சிவப்பு விளக்கு எரியவில்லை. சில மாதங்கள் நான் மனிதனைப்போல வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டு மலை ஏறினேன். காப்பித் தோட்டமும் பலாமரமும் அந்த ரோட்டோரம் இருப்பது அப்போதுதான் தெரிந்தது.

அப்புறம் அந்தக் கல்யாணம். பெண் வீடு சிறுமலை, வாழைத்தோட்டக்காரர்கள். காலையில் மலைமேல் கோயிலில் தாலிகட்டு, மத்தியானம் திண்டுக்கல் மண்டபத்தில் விருந்து. காருக்கு முன்னால் சாமந்தியும் ரோஜாவும் கலந்து, ஆள் உயரத்தில் ஒரு மாலை. பெண்ணின் தாய்மாமா அதைக் கட்ட இடம் தேடினார். மலையில் எதையும் கட்டுவது கட்டுக்கம்பியால்தான். வாழைக்கு முட்டுக் கொடுப்பதும் அதனால்தான், வேலியை இழுப்பதும் அதனால்தான். கிரில்லுக்குள் கையை விட்டுத் துழாவினார். கூலர் குழாய் அகப்பட்டது. "இது கெட்டியா இருக்கு மாப்ளே" என்று, மாலையையும் குழாயையும் கிரில் கம்பியையும் ஒன்றாகச் சேர்த்து, குறடால் நாலு முறுக்கு முறுக்கினார். நான் பக்கத்தில் நின்று வடை தின்றுகொண்டிருந்தேன். பார்த்தேன். மாலை விழாது என்றுதான் நினைத்தேன்.

என்ஜின் ஒவ்வொரு கியருக்கும் லேசாகக் குலுங்கும். குழாய் அதோடு சேர்ந்து அசைந்துகொடுக்க வேண்டும். கம்பி அதைக் கிரில்லோடு பிணைத்துவிட்டது. தாலிகட்டு முடிந்து மாப்பிள்ளையையும் பெண்ணையும் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு இறங்கினோம். இறக்கத்தில் மூன்றாவது வளைவோ நான்காவதோ, எண்ணுவதை நான் மறந்திருந்த காலம், அண்ணன் இரண்டாம் கியரில் இழுத்துப் பிடித்து இறக்கிக்கொண்டிருந்தார். முன்னால் 'டப்' என்று ஒரு சத்தம், குழாய் பிய்ந்துகொண்டது. முன்கண்ணாடியில் பூவிதழ்களும் கறுப்புத் துளிகளும் சேர்ந்து வந்து அப்பின. சிவப்பு விளக்கு எரிந்தது. இந்தத் தடவை அணையவில்லை. வெளியே போக வழி கிடைத்ததும் அந்தப் பெரிய பம்பு தன் வேலையைச் செவ்வனே செய்தது. சேம்பரில் இருந்ததையெல்லாம் வளைவு முழுக்க ரோட்டில் கக்கிவிட்டது.

அண்ணன் வண்டியை ஓரங்கட்டி, என்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். பானட்டைத் திறப்பார் என்று நினைத்தேன். அவர் கண் பின்னால் போனது. பின்னால் ஒரு ஸ்கூட்டரில் மாப்பிள்ளையின் அக்காவும் அவர் கணவரும் வந்துகொண்டிருந்தார்கள். ஸ்கூட்டரின் முன்பக்கம் அவர்களுடைய மூன்று வயதுப் பெண்குழந்தை நின்றுகொண்டிருந்தது. அவர்களுக்குப் பின்னால் ஊர்ச்சனம் மொத்தமும் பைக்கில். அந்த ரோடு இப்போது முழுக்க ஆயில். "பிரேக்கைப் புடிலே!" என்று என்னைப் பார்த்துக் கத்திவிட்டு அண்ணன் மேலே ஓடினார். மாப்பிள்ளையும் கதவைத் திறந்துகொண்டு பின்னாலேயே ஓடினான்.

அண்ணன் ஆயிலில் வழுக்கி விழுந்து, எழுந்து, வேட்டியை அவிழ்த்து ஆட்டிக்கொண்டு வெறும் டவுசரோடு ஓடுவதைப் பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் பார்த்தேன். ஸ்கூட்டர் வளைவில் தலைகாட்டியது. பிரேக் அடித்தார்கள், சறுக்கியது. அண்ணன் விலகவில்லை. குறுக்கே நின்று ஹேண்டில்பாரை மார்பில் வாங்கினார். குழந்தை அவர் மேல் விழுந்தது. வண்டி அவர் காலின்மேல் விழுந்து, கட்டைச்சுவர் வரைக்கும் இழுத்துப் போனது. குழந்தையின் அழுகை கேட்டது. அழுகை கேட்டதில் இவ்வளவு நிம்மதி என் வாழ்நாளில் வேறெப்போதும் இல்லை.

அதே நேரத்தில் எங்கள் வண்டி மெதுவாக நகரத் தொடங்கியது. ஹேண்ட் பிரேக் தாங்கவில்லை. எதிரே கட்டைச்சுவர், அதற்கப்பால் மரங்களின் உச்சி. என் காலை அந்தப் பக்கம் நீட்டினால் போதும், ஒரே நீளச் சீட்டு, நடுவில் தடுப்பு எதுவும் இல்லை. நான் நீட்டவில்லை. நீட்டச் சொன்னேன், கால் கேட்கவில்லை. என்னைத் தாண்டி ஒரு பட்டுப்புடவை பாய்ந்தது. கல்யாணப்பெண், பின்சீட்டிலிருந்து முன்சீட்டுக்கு மேலே தலைகீழாக விழுந்து, இரண்டு மருதாணிக் கைகளாலும் பிரேக்கை அமுக்கினாள். பூ எல்லாம் கொட்டிவிட்டது. வண்டி நின்றது. மூச்சு வாங்க அவள் சொன்னது: "அண்ணே, நான் சீட்டுல ஏறி விழுந்தேன்னு சொல்லிராதீங்க. மொத நாளே வாயில போட்டு மெல்லுவாங்க. நீங்க புடிச்சதா இருக்கட்டும்." சனம் வந்து கேட்டபோது அவளே கையைக் காட்டினாள். "இந்த அண்ணந்தான்."

ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்து கட்டுப்போட்டுக் கிடந்த அண்ணன், பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார்: "பம்பைக் குத்தம் சொல்லாதீக, அது நல்லாத்தான் வேலை பாத்துச்சு. ரோட்டுக்கே ஆயில் போட்டுருச்சுல்ல." கொஞ்சம் சிரித்து, என்னைக் காட்டி, "தம்பி மட்டும் பிரேக்கைப் புடிக்கலைன்னா பொண்ணு போயிருக்கும்" என்பார். சாமானை வாங்கியது யார் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை.

அந்தச் சாமான்கள் நல்ல சாமான்கள்தான். பந்தய வண்டியை ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு பிரித்து, ஒவ்வொரு இணைப்பையும் தொட்டுப் பார்க்க ஆள் உண்டு. அதன் மூக்கில் யாரும் மாலை கட்ட மாட்டார்கள், அதன் பின்னால் யாரும் குழந்தையோடு ஸ்கூட்டரில் வர மாட்டார்கள். எங்கள் வண்டி மனிதர்களுக்கு நடுவே ஓடுவது. கால் கூடியதும் அண்ணன் கூலரையும் குழாயையும் பெரிய பம்பையும் கழற்றிவிட்டுப் பழைய பம்பை மாட்டினார். சேம்பருக்குள் இருந்த தகட்டை மட்டும் விட்டுவைத்தார். ஆயிலை அளவு பார்த்து ஊற்றினார். வளைவில் விளக்கு எரியவில்லை. கோயம்புத்தூர்க்காரர் முதல் நாளே சொன்னது அவ்வளவுதான்.

கால் கூடியது, வலு கூடவில்லை. கிளட்சை மிதித்து மிதித்து மலை இறக்க அவரால் முடியாது. போன மாதம் மறுபடி சிறுமலையில் ஒரு கல்யாணம். "நீ ஓட்டு. நான் பக்கத்துல உக்காந்து வாரேன்" என்றார். ஊருக்குள் ஓட்டுவதோடு சரி, மலையில் முடியாது என்றேன். "அன்னைக்குப் பிரேக்கைப் புடிச்சவன் நீதானலே. உன்னைய விட்டா வேற யாரை நம்பி ரெண்டு உசுரை ஏத்துவேன்?"

மேலே ஏற்றிவிட்டேன். ஏறுவது எப்படியோ ஏறிவிடலாம். தாலிகட்டு முடிந்து, மாப்பிள்ளையும் பெண்ணும் இன்னும் வந்து ஏறாத அந்த நேரத்தில், நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தேன். அவர் என்னை நம்பிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அந்த நம்பிக்கைக்கு அடியில் ஒன்றுமில்லை என்பது எனக்கு மட்டும் தெரியும். அந்தப் பொய்யோடு இறங்குவதை நினைத்தால் மலையைவிட அது பயமாக இருந்தது.

"அண்ணே, அன்னைக்கு நான் புடிக்கல."

நிறுத்தாமல் மீதியையும் சொன்னேன்.

"கால் வரல. வெறச்சுப்போயி உக்காந்திருந்தேன். அந்தப் பொண்ணுதான் பின்னாலருந்து பாஞ்சு புடிச்சுச்சு."

கோயில் வாசலில் மேளம் கிட்டே வந்துகொண்டிருந்தது. அண்ணன் தன் காலை இரண்டு கையாலும் தூக்கி வசதியாக வைத்துக்கொண்டார். இறங்கச் சொல்வார், வேறு ஆளைக் கூப்பிடுவார் என்று காத்திருந்தேன். அப்படிச் சொல்லிவிடமாட்டாரா என்றுகூட இருந்தது.

பின்கதவு திறந்தது. பெண் ஏறினாள், மாப்பிள்ளை ஏறினான், பூவாசம் ஏறியது.

"அப்ப இன்னைக்குப் புடி" என்றார்.