அரக்கு நூல் இல்லாமல் பிள்ளை கிடையாது

போன வாரம் எங்கள் வீதியின் பெரிய மனிதர் ஒருவரை என் வாசலில் நிறுத்தி வைத்தேன். ஒரு நாள் அல்ல… இரண்டு நாள்!

"இந்தக் கிழவிக்கு எவ்வளவு கொழுப்பு" என்று நீங்கள் சொல்லலாம். சொல்லுங்கள். ஆனால் முழுசாகப் படித்துவிட்டுச் சொல்லுங்கள். எழுத்துக் கூட்டி எழுதுகிறவள் நான். ஒரு பக்கம் எழுத எனக்கு இரண்டு நாள் ஆகிறது. நீங்கள் ஐந்து நிமிஷம் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

தாமல் ஊரிலிருந்து ஒரு சகோதரி கடிதத்தில் கேட்டிருந்தாள். அவளும் என்னைப் போல வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவள். "சித்திரையில் வெயில், ஐப்பசியில் மழை, இதையெல்லாம் சமாளித்து விடுகிறேன் அம்மா. திருவிழா நாளில்தான் கை ஓய்ந்து போகிறது. என்ன செய்ய?"

நல்ல கேள்வி. வெயிலுக்கு நுங்கு மட்டையில் வண்டி செய்து கொடுத்தால் ஒரு பகல் ஓடிவிடும். ஆடிக் காற்றுக்குப் பனையோலைக் காற்றாடி. மழை நாளில் அடுப்பங்கரைச் சூட்டில் எல்லோரையும் சுற்றி உட்கார வைத்துப் புளியங்கொட்டை எண்ணச் சொன்னால் போதும். திருவிழா அப்படியில்லை. சத்தம் வெளியே இருக்கிறது, பிள்ளையின் மனசும் வெளியே போய்விடுகிறது.

நான் என்ன செய்கிறேன் தெரியுமா? வெளியே நடப்பதை உள்ளே நடத்திவிடுகிறேன். முறத்தைக் கவிழ்த்தால் வாகனம். அதன்மேல் மரப்பாச்சி. கிழிந்த குடை ஒன்று. மேளத்துக்குக் கொட்டாங்கச்சி. கூடத்தை மூன்று சுற்று சுற்றினால் பிள்ளைகளுக்குப் பசி வந்துவிடும். சோறு ஊட்டினால் தூக்கம் வந்துவிடும்.

வைகாசி கருட சேவை அன்றும் இதுதான் நடந்துகொண்டிருந்தது. ஒன்பது பிள்ளைகள். ஒன்பது தாய்மார்களும் தறி வேலைக்காரிகள். திருவிழா நாளில் என்ன தறி என்று கேட்கிறீர்களா? வைகாசி முகூர்த்தம் யாருக்காகவும் காத்திருக்குமா? கல்யாணப் புடவை முடிந்தாக வேண்டும்.

வாகனம் இரண்டாவது சுற்று வரும்போது வாசலில் ஏகாம்பரம் வந்து நின்றார்.

எங்கள் வீதியில் பாதித் தறிகளுக்குப் பட்டு நூல் கொடுத்து நெய்யச் சொல்கிற முதலாளி அவர். என் வீட்டுக்கு வரும் மூன்று வயதுக் குமுதாவுக்குத் தாத்தா முறை. அவளுடைய அப்பாவுக்கு இவர் பெரியப்பா. நல்ல மனிதர்தான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

"இன்னாக்கா, சாமி வீதி முனைக்கு வந்துக்கினு இருக்குது. குமுதாவை அனுப்பு. காட்டிட்டுக் கொணாந்து உட்டுடறேன்."

"நூல் எங்க தம்பி?" என்றேன்.

இந்த நூல் விஷயத்தைப் பழைய வாசகிகள் அறிவார்கள். புதியவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தறியில் அறுத்துப் போடும் மிச்சப் பட்டு இழைகளைச் சேர்த்து, தொடையில் வைத்து முறுக்கி, தாய்க்கு ஒன்று பிள்ளைக்கு ஒன்று என்று தினமும் காலையில் மணிக்கட்டில் கட்டிவிடுவேன். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு நிறம். குமுதாவுக்கு அரக்கு. பக்கத்து வீட்டுப் பயலுக்குக் கிளிப்பச்சை. மாலையில் அதே நிற நூலோடு வருகிறவர் கையில்தான் பிள்ளை போகும். தாயால் வர முடியவில்லையா? தன் நூலை அவிழ்த்து, நம்பிக்கையான ஆளிடம் கொடுத்து அனுப்பட்டும். பெரிய பள்ளிக்கூடங்களில் நோட்டுப் போட்டுக் கையெழுத்து வாங்குகிறார்களாம். எனக்கு அதெல்லாம் வராது. நூல் வரும்.

(கட்டுகிறவர்கள் கவனியுங்கள். கழுத்தில் கட்டவே கூடாது. மணிக்கட்டில் ஒரு விரல் நுழையும்படி இருக்கட்டும். முதலில் நனைத்துப் பாருங்கள் — சாயம் போகிற நூல் வேண்டாம், பிள்ளைகள் வாயில் வைக்கும். தொட்டில் குழந்தைக்கு என்றால் தொட்டில் கயிற்றில் கட்டிவிடுங்கள்.)

ஏகாம்பரம் சிரித்தார். "யார்கிட்டக்கா நூல் கேக்கற? ஊருக்கே நூல் குடுக்கறவன்கிட்டயா?"

"ஊருக்குக் குடுங்க தம்பி. ராஜாமணி கையில இருக்கறது வேணும் எனக்கு. அஞ்சு நிமிஷ நடை. வாங்கிக்கினு வாங்க."

ராஜாமணி குமுதாவின் தாய். கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறமாக நெய்கிற புடவைக்குத் தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். ஒருவர் எழுந்தால் இன்னொருவர் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதான். அதனால் அவள் வர முடியாது. இவர் போகலாமே? ஆனால் தன்னிடம் கூலி வாங்குகிற வீட்டு மருமகளிடம் போய் அனுமதி கேட்பதா? அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

உள்ளே குமுதா, "தாத்தா கூடப் போறேன்" என்று ஒரே அழுகை. உங்களிடம் மறைப்பானேன்? எனக்கும் மனசு இளகித்தான் போனது.

ஏகாம்பரம் விறுவிறுவென்று போனார். கால் மணி நேரத்தில் திரும்பி வந்தார். மணிக்கட்டில் அரக்கு நூல்!

அதே நிறம். அதே பருமன். வாசலில் நான்கைந்து பெண்கள் வேறு வேடிக்கை பார்க்க நின்றுவிட்டார்கள். "கையைக் கொண்டாங்க தம்பி" என்று சொல்லி, அந்த நூலின் தொங்கும் நுனியை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டினேன்.

பிரிந்துகொண்டது.

நான் இடது கைக்காரி. சின்ன வயசில் அதற்காக வாங்காத அடியில்லை. என் முறுக்கு ஊர் முறுக்குக்கு எதிர்ப்பக்கம். என் பக்கமாக உருட்டினால் நான் முறுக்கிய நூல் இறுகும், ஊர் முறுக்கு பிரியும். இது அவர் வீட்டுப் பட்டு நூல் கட்டு ஒன்றிலிருந்து எடுத்து, அவசரமாக முறுக்கிக் கட்டிய நூல்! நூலிலேயே பிறந்து வளர்ந்த மனிதருக்கு நிறம் தெரிந்திருந்தது, பருமன் தெரிந்திருந்தது… முறுக்கைப் பார்க்க மறந்துவிட்டார்.

"முதலாளி வீட்டு நூலு ஒசத்திதான் தம்பி. ஆனா இது இங்க செல்லாது."

பெண்கள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். அங்கேதான் வினை.

"தே பாருமா, நாளைக்கி உன் வாசல்ல ஒரு புள்ள வருதான்னு பாக்கறேன். எந்தத் தறிக்குப் பாவு போவுது, எந்தத் தறிக்குப் போவலன்னு நான் பாத்துக்கறேன்!" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

வெறும் பேச்சில்லை அது. பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஏற்றும் பட்டு, அவர் கொடுக்காவிட்டால் அந்தத் தறி நிற்கும். என் ஒன்பது பிள்ளைகளில் ஆறு பேர் வீட்டுத் தறிக்குப் பட்டு அவருடையதுதான். சாயங்காலம் ராஜாமணி வந்து, நூலைக் காட்டிப் பிள்ளையை வாங்கிக்கொண்டு, கண் கலங்க நின்றாள்.

"அனுப்பியிருக்கலாமே பெரியம்மா. நம்ம மாமாதானே…"

"உன் மாமாதான். நான் இன்னிக்கி உட்டா, நாளைக்கி இன்னொருத்தரு வந்து நானும் மாமான்னுவாரு. யாரு நல்லவரு, யாரு கெட்டவருன்னு வாசல்ல நின்னு நான் முகம் பாத்துக்கினு இருக்க முடியுமா?"

சொல்லிவிட்டேனே தவிர, அன்று இரவு அந்த ஆறு தறிகளையும் விரல் விட்டு எண்ணிக்கொண்டு படுத்திருந்தேன்.

மறுநாள் காலையில் வழக்கம்போலக் கஞ்சி வைத்தேன். ஒன்பது பேருக்கும் வைத்தேன். ஒன்பது ஜோடி நூலும் முறுக்கி வைத்தேன். ஏழு மணி. யாரும் இல்லை, அவரிடம் பட்டு வாங்காத மூன்று வீட்டாரும்கூட. ஏழரை. கஞ்சியில் ஆடை கட்ட ஆரம்பித்தது. இத்தனை வருஷத்தில் என் வாசல் அவ்வளவு அமைதியாக இருந்ததில்லை.

முதலில் வந்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? ஏகாம்பரம்! கையில் அவருடைய பேரன், நான்கு வயது முரளி.

நான் எழுந்திருக்கவில்லை. அவரே படியில் உட்கார்ந்தார். முரளியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நேத்து இங்கிருந்து போனேன்கா. கோவத்துல இவனை இட்டுக்கினு சாமி பாக்கப் போனேன். கூட்டத்துல கைய உட்டுட்டான். அரை மணி நேரம். எனக்கு உசுரே இல்ல. ஒரு தண்ணிப் பந்தல்ல உக்கார வெச்சிருந்தாங்க. ஓடினேன். 'எங்க வீட்டுப் புள்ளப்பா'ன்னேன். 'இந்தாங்க பெரியவரே'ன்னு பந்தல்காரன் தூக்கிக் குடுத்துட்டான்."

"கெடச்சிட்டானே, அப்புறம் இன்னா?"

"அதான்கா! பேரு இன்னான்னு கேக்கல. இவனையும் கேக்கல. ஒரு வார்த்த கேக்கல. வீட்டுக்கு வந்து உக்காந்தப்புறம்தான் கை கால் நடுங்க ஆரம்பிச்சிது. எனக்கு முன்னாடி வேற எவனாவது வந்து கேட்டிருந்தா…?"

நான் முரளிக்கு ஒரு கிண்ணம் கஞ்சி ஊற்றிக் கொடுத்தேன்.

"மருமக பிரசவத்துக்குப் போயிருக்கா. இவனைப் பாக்க வீட்ல ஆளில்ல. நீ வெச்சுக்கோ. எல்லார் வூட்டுக்கும் சொல்லிட்டுதான் வரேன், வழக்கம்போலக் கொண்டாந்து உடுங்கன்னு." முழங்கையை மடக்கி மணிக்கட்டை என் முன்னால் நீட்டினார். "எனக்கும் ஒண்ணு கட்டுக்கா. உன் முறுக்குல."

மயில் கழுத்து நிறத்தில் ஒரு ஜோடி முறுக்கினேன். இடது கையால், நிதானமாக, அவர் பார்க்கப் பார்க்க. கட்டி முடிப்பதற்குள் வீதியில் கொலுசுச் சத்தம். குமுதா ஓடி வந்தாள். பின்னால் ராஜாமணி. அதற்குப் பின்னால் கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள், வாடாமல்லி… அன்று கஞ்சி போதாமல் இரண்டாம் முறை உலை வைத்தேன். ஒன்பது இப்போது பத்து!

ஆகவே, தாமல் சகோதரியே… முறமும் குடையும் மரப்பாச்சியும் எல்லோர் வீட்டிலும் இருக்கும். எதை மறந்தாலும், பிள்ளையைத் திருப்பிக் கொடுக்கிற அந்த ஒரு நிமிஷத்தை மட்டும் அலட்சியமாக விட்டுவிடாதே. கேட்டால் கோபப்படுவார்கள். படட்டும். கேட்கவில்லை என்று தெரிந்தால்தான் நடுங்குவார்கள்.

இரண்டாவது நாள் எப்போது நிறுத்தி வைத்தேன் என்று கேட்கிறீர்களா? அன்று சாயங்காலமே. குளிக்கும்போது நூலைக் கழற்றி வைத்துவிட்டு மறந்து வந்துவிட்டார் மனிதர். உள்ளேயிருந்து முரளி "தாத்தா" என்று கூப்பிட்டான்.

ஒரு சொம்பு மோர் கொடுத்து, வீட்டுக்குப் போய் எடுத்து வரச் சொன்னேன்.