பவுனு வாழைமுக்கைத் தாண்டியது

சீட்டுப் பணம் எடுத்த பெண்கள் என்ன செய்வார்கள்? நகைக் கடைக்குப் போவார்கள். ஆவுடைத்தாயும் அப்படித்தான் காலையில் வித்துராவில் பஸ் ஏறித் திருவனந்தபுரம் போனாள். சாயங்காலம் ஒரு மினி லாரியில் திரும்பி வந்தாள். லாரியின் பின்னால் ஒரு குதிரை நின்றது.

லாரி என் டீக்கடை வாசலில்தான் வந்து நின்றது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அடுப்பில் வடை கரிகிறது, நான் குதிரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

"ஏட்டி, வளையல் வாங்கப் போறேன்னுல்லா சொல்லிட்டுப் போன?"

"வளையல் வாங்கத்தாங்க்கா போனேன். போற வழியில மைதீன் அண்ணன் போன் பண்ணிட்டாரு."

அவள் புருஷன் வேல்சாமி கொத்து வேலை முடிந்து சிமென்ட் தலையோடு வந்தான். குதிரையைச் சுற்றி ஒரு நடை நடந்தான். "பவுனு வாங்கப் போனவ வாங்கிட்டு வந்த பவுனைப் பாருங்க அக்கா" என்று என்னிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டான். ஆத்திரத்தில் சொன்னதுதான். ஆனால் அந்தப் பெண்குதிரைக்குப் பவுனு என்ற பெயர் அப்போதே ஒட்டிக்கொண்டது.

ஆவுடைத்தாய் பைத்தியக்காரி இல்லை. தென்காசிப் பக்கம் பிறந்து, கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்தவள். வந்த நாள் முதல் சாலைக் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை. வாங்க வருகிறவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், இவள் நின்றுகொண்டே சேலையை விரித்துக் காட்டுவாள், மடித்து வைப்பாள். அந்தக் கடையில் வேலைக்காரப் பெண்களுக்கு ஸ்டூல் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மகள் அனுஷாவைக் கூட்டிக்கொண்டு சங்குமுகம் கடற்கரைக்குப் போவாள். அங்கே மைதீன் குதிரைச் சவாரி விட்டுக்கொண்டிருந்தார். ஒரு நாள் பிள்ளை ஏறப் பயந்து அழுதது. கொடுத்த காசு வீணாகக் கூடாதே என்று தாய் ஏறினாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு எல்லா ஞாயிற்றுக்கிழமையும் பிள்ளை மணலில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் தின்னும், தாய் குதிரையில் போவாள். "வாரம் பூரா நின்னதெல்லாம் அதுல ஏறி உட்கார்ந்ததும் போயிரும்க்கா" என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

பிறகு வேல்சாமி கொத்து வேலையோடு, வித்துராவில் நிலம் குத்தகைக்கு எடுத்து ஏத்தன் வாழையும் மரச்சீனிக் கிழங்கும் போட்டான். இவள் கடை வேலையை விட்டாள், குடும்பம் இங்கே வந்தது. அனுஷா நர்சிங் படிக்கப் போனாள். மைதீன் கடற்கரையை விட்டு ஆட்டோ ஓட்டப் போவதாகவும், கல்யாண ஊர்வலக்காரர்கள் குதிரையைக் கேட்பதாகவும், அதற்கு முன்னால் இவளைக் கேட்க நினைத்ததாகவும் போனில் சொல்லியிருக்கிறார். ஊர்வலத்தில் வெடிச் சத்தத்துக்கு நடுவே அது நிற்கப் போவதை நினைத்ததும் இவளுக்கு வளையல் மறந்துவிட்டது.

தினமும் காலையில் ஆவுடைத்தாய் சுடிதார் போட்டு, ஷாலை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு பவுனு மேல் ஏறி ஏலாவுக்குள் போவாள். ஏலா என்றால் இந்தப் பக்கத்து வயல்வெளி. நடுவில் ஒரு அகல வரப்பு கல்லாற்றங்கரை வரைக்கும் போகிறது. இரண்டு பக்கமும் நெல், அங்கங்கே வாழை. மலையிலிருந்து இறங்குகிற காற்று. பார்க்கவே எனக்குச் சந்தோஷமாக இருக்கும், சும்மா ஏன் பொய் சொல்ல வேண்டும்?

ஊருக்குத்தான் பொறுக்கவில்லை. தென்காசியிலிருந்து நாத்தனார் போன் போட்டு, "வயசுக்கு வந்த பொண்ணை வச்சுக்கிட்டு ரெண்டு பக்கமும் காலைப் போட்டு உட்காருதாளாமே" என்றாள். "ஒரு பக்கம் போட்டா விழுந்துருவேன் மதினி, நீங்க வந்து தூக்குவீங்களா?" என்று கேட்டு வைத்தாள் இவள். பம்பு செட்டுப் பக்கம் உட்கார்ந்திருக்கிற ஆட்கள், "மகாராணி வாறா, வழி விடுங்கடே" என்பார்கள். "கப்பம் கட்டியாச்சாடே?" என்று குதிரை மேலிருந்தே கேட்பாள். அவள் வாய்க்கு முன்னால் யாரும் நிற்க முடியாது.

ஆனால் கிருஷ்ணகுமார் சாரிடம் அந்த வாய் செல்லவில்லை. அவர் ஏலா விவசாயிகள் சங்கத்தின் செயலாளர். ஆபீஸ் வேலையில் ரிட்டயர் ஆனவர். என் கடையில் தினமும் சீனி இல்லாத சாயா குடிப்பவர், சுகர்க்காரர். எங்களோடு பேசும்போது தமிழும் மலையாளமும் கலந்து வரும். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் கஷ்டமே.

பவுனுக்கு ஒரு கெட்ட பழக்கம். கடற்கரையில் எவ்வளவு தூரம் போய்த் திரும்பியதோ, அதே தூரம்தான் இங்கேயும் போகும். வரப்பின் பாதியில் ஒரு வாழைத்தோப்பு இருக்கிறது, வாழைமுக்கு என்போம். அங்கே போனதும் யாரையும் கேட்காமல் திரும்பி நிற்கும். கெஞ்சினாலும் அசையாது, அதட்டினாலும் அசையாது. மழைக் காலத்தில் வரப்பு ஊறிக் கிடக்கும்போது அது அப்படித் திரும்பியதில் ஓரம் உடைந்து, கிருஷ்ணகுமார் சார் வயலில் கட்டி வைத்திருந்த தண்ணீர் எல்லாம் பள்ளத்துக்கு ஓடிவிட்டது. நாற்று நட்ட வயல். யாருக்குத்தான் வயிறு எரியாது?

சங்கக் கூட்டத்தில் அவர் எழுந்து நின்றார். "குதிரையில போறது அவளோட இஷ்டம், கேட்டியா. எனக்கு எதிர்ப்பு இல்ல. அந்த மிருகம் நேரே ஆறு வரைக்கும் போய், அங்க விரிஞ்ச இடத்துல திரும்பி வரட்டும். வழியில திரும்பினா வரம்பு போகும், என்னோட நெல்லும் போகும். ஞாயிற்றுக்கிழமை காலையில எல்லாரும் பார்க்க ஓட்டிக் காட்டணும். போனா போகட்டும். திரும்பினா, பின்னே ஏலாவுல குதிரை இல்ல."

"சரி சார்" என்றாள் ஆவுடைத்தாய். "திரும்பிட்டுன்னா நானே மைதீன் அண்ணனுக்குப் போன் போட்டுருவேன்."

அன்று என் கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். போட்டு வைத்த டீ ஆறிப் போயிற்று. "வரப்பை விட்டா வேற எங்கக்கா ஓட்ட? மெயின் ரோட்டுலயா? கட்டிப் போட்டுத் தீனி வைக்கவா வாங்கினேன்? அந்த வெடிக்காரங்க கூட்டிட்டுப் போகட்டும், போ" என்று சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கு வந்த கோபத்தில், "வாயை மூடிக்கிட்டு டீயைக் குடிட்டி!" என்று கத்தினேன். வேறு என்ன செய்ய?

சனிக்கிழமை வரைக்கும் பழக்கிப் பார்த்தாள். தினமும் வாழைமுக்கு, தினமும் திரும்பல்.

ஞாயிறு காலையில் கடையைச் சாத்திவிட்டு நானும் போனேன். ஏலாவில் திருவிழாக் கூட்டம். கிருஷ்ணகுமார் சார் சும்மா சொல்லக் கூடாது, எதையும் முறையாகச் செய்கிறவர். யாரும் கயிற்றைப் பிடித்து இழுத்துப் போய் ஏமாற்றிவிடக் கூடாதென்று வாழைமுக்கிலிருந்து வரப்பு நெடுக அங்கங்கே ஆள் நிறுத்தியிருந்தார். குதிரை எங்கே நிற்கிறது, எங்கே திரும்புகிறது என்று ஒவ்வொருவரும் மொபைலில் வீடியோ எடுக்க வேண்டும். சாட்சி வேண்டுமாம். கடைசியில் ஆற்றங்கரையில் அவரே மொபைலோடு நின்றார். கோவிலுக்குப் போய்விட்டு நேரே வந்திருந்தார், நெற்றியில் சந்தனம் காயவில்லை.

ஆவுடைத்தாய் புறப்பட்டாள். வாழைமுக்கு நெருங்க நெருங்கக் கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. "இப்ப திரும்பும் பாரு" என்றான் ஒருத்தன். வேல்சாமி என் பக்கத்தில் நின்று துண்டை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தான். குதிரை வந்த அன்று போய்ப் படுத்துக்கொண்டானே, அதே வேல்சாமி.

வாழைமுக்கு வந்தது. பவுனு நின்றது. தலையைத் திருப்பப் போனது. அப்போது முன்னால் சற்றுத் தள்ளி நின்ற ஆள் மொபைலை உயர்த்தினான். பவுனு காதை நிமிர்த்தியது. கழுத்தை வளைத்து அழகாக வைத்துக்கொண்டு நேரே அவனிடம் போய் நின்று, அவன் உள்ளங்கையை முகர்ந்து பார்த்தது. ஒன்றும் இல்லை. அவன் பயந்து பின்னால் போய்ச் சேற்றில் உட்கார்ந்துவிட்டான். பவுனு நிமிர்ந்து பார்த்தது. அதோ, இன்னொரு மொபைல்! அதை நோக்கி நடந்தது. அங்கேயும் கையில் ஒன்றும் இல்லை. அப்புறம் அடுத்த மொபைல்.

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. பொன்முடி மலைக்குப் போகிற டூரிஸ்டுகள் என் கடை வாசலில் செல்ஃபி எடுக்கும்போதெல்லாம் இந்தக் குதிரை வலியப் போய் அவர்கள் முன்னால் நிற்கும். அழகு காட்டுகிறது, திமிர் பிடித்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

"மொபைலை இறக்காதீங்கடே! இறக்கினா கொன்னுருவேன்!" என்று வரப்பு முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். அவர்கள் எங்கே இறக்கப் போகிறார்கள்? இதை எடுக்காமல் வேறு எதை எடுப்பார்கள்? அவள் தோற்பதைப் படம் பிடிக்க வந்தவர்கள் ஆளுக்கு ஆள் மொபைலைத் தூக்கி அவளை ஆறு வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

"சரசுக்கா! போறேங்க்கா!" என்று அவள் கத்துவது தூரத்திலிருந்து கேட்டது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. நான் இரண்டையும் செய்துகொண்டிருந்தேன்.

ஆற்றங்கரையில் கிருஷ்ணகுமார் சார் மொபைலை இறக்கவே மறந்து நின்றார். பவுனு அவர் கையைப் பார்த்தது, பிறகு சட்டைப் பையில் வாயை விட்டுக் கோவில் பிரசாதமாக வாங்கி வைத்திருந்த உண்ணியப்பத்தைப் பொட்டலத்தோடு எடுத்துத் தின்றது. "அய்யோ, இந்த மிருகம்!" என்றார் அவர். விரிந்த இடத்தில் ஒழுங்காகத் திரும்பி, ஒரு மண்கட்டிகூட உடையாமல் பவுனு வீட்டுக்கு வந்தது. வீட்டுக்குத் திரும்பி வர அதற்கு மொபைல் தேவைப்படவில்லை. "வாக்கு வாக்குதான்" என்று சொல்லிவிட்டு அவர் யார் முகத்தையும் பார்க்காமல் போய்விட்டார்.

சாயங்காலம் மைதீன் போனில் விழுந்து விழுந்து சிரித்தார். கடற்கரையில் சவாரி திரும்புகிற இடத்தில் அவர் சம்சாரம் மொபைலோடு நிற்பாராம். படம் எடுத்து முடித்ததும் குதிரைக்கு ஒரு துண்டு கருப்பட்டி கொடுப்பாராம். "இதைப் போயி சொல்லணும்னு எனக்குத் தோணவே இல்லையே தங்கச்சி!"

அவர் சிரித்தார், ஆவுடைத்தாய்க்கு முகம் வாடிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஊரே வந்து நின்றது. திங்கட்கிழமை யார் நிற்பார்கள்? வேல்சாமி விடியுமுன் வேலைக்குப் போகிறவன். எனக்குத் தோசைக்கல். அனுஷா ஹாஸ்டலிலிருந்து யோசனை சொன்னாள், செல்ஃபி ஸ்டிக்கில் மொபைலைக் கட்டி அம்மாவே முன்னால் நீட்டிக்கொள்ளட்டும் என்று. செய்து பார்த்தோம். மொபைல் மூக்குக்கு நேரே இருந்ததால், பவுனு நின்ற இடத்திலேயே அழகு காட்டிக்கொண்டு நின்றது. அடி எடுத்து வைக்கவில்லை.

"நாளைக்கு ஒரு தடவை போயிப் பாக்கேன். வாழைமுக்குல திரும்பிட்டுன்னா அவர் வயலு உடையும். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்க்கா, மைதீன் அண்ணனை வரச் சொல்லிருவேன்" என்றாள். சொன்னால் செய்கிறவள்.

திங்கட்கிழமை காலையில் கல்லில் ஊற்றிய தோசையை அப்படியே விட்டுவிட்டு அவள் பின்னால் ஓடினேன். தோசை தீய்ந்தால் தீயட்டும். ஏலாவில் ஒரு ஈ காக்கை இல்லை. பவுனு மெல்ல நடந்தது. வாழைமுக்கு வந்தது, நின்றது. ஆவுடைத்தாய் அதன் கழுத்தைத் தடவிக்கொடுத்தாள், திட்டவில்லை.

வாழைகளுக்கு அந்தப் பக்கம் வரப்பில் கிருஷ்ணகுமார் சார் நின்றுகொண்டிருந்தார். கையில் மொபைல், தலைக்கு மேலே தூக்கியபடி.

"என்ன பாக்குற? மழை வருதான்னு வெதர் பாக்குறேன்" என்று எரிந்து விழுந்தார். "ஆற்றங்கரைப் பக்கம்தான் நல்லா சிக்னல் கிட்டும். நான் அங்க நடக்கப் போறேன். உன்னோட மிருகம் என் பின்னால வந்தா எனக்கென்ன? ஓரமா ஓட்டு, வரம்பைச் சவிட்டி உடைக்காதே!"

மொபைலைத் தூக்கிப் பிடித்தபடி அவர் முன்னால் நடக்க, பவுனு அவர் பின்னாலேயே ஆறு வரைக்கும் போயிற்று. போகும் வழியெல்லாம் அவர் திட்டிக்கொண்டே போனது எனக்குக் கேட்டது. ஆவுடைத்தாய் எல்லாவற்றுக்கும், "சரி சார், சரி சார்" என்றாள்.

இன்றைக்கும் அவர் திட்டுவதை நிறுத்தவில்லை. வரப்பு, உரம், சாணம், அவள் உட்காரும் விதம், எல்லாவற்றிலும் குற்றம் கண்டுபிடிப்பார். தினமும் காலையில் வெதரும் பார்ப்பார். டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறாராம்.

போன வாரம் சீனி இல்லாத சாயாவைக் குடித்துவிட்டு, "ஒரு துண்டு கருப்பட்டி கொடு" என்றார். எனக்கு வந்ததே கோபம். "சுகரை வச்சுக்கிட்டுக் கருப்பட்டியா சார்? உங்க வீட்டு அம்மா என்னையில்ல வந்து ஏசுவாங்க!" என்றேன்.

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கில்ல சரஸ்வதியம்மா. பவுனுக்கு."