முழங்கால் உயரத்தில் ஒரு பம்பர்

ராணிப்பேட்டையில் பார்த்த அந்த மெக்கானிக்கை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒல்லி உடம்பு, காதோரம் நரை. எந்தக் கார் வந்தாலும் முதலில் அதன் முன்னால் நின்று, பம்பர் தன் காலில் எங்கே இடிக்கும் என்று பார்ப்பார்.

தோல் ஏற்றிய மாட்டுவண்டியில் மோதி என் புதுக் காரின் மெல்லிய பம்பர் வளைந்துவிட்டது. மாட்டுவண்டியில் மோதியதை மட்டும் அவரிடம் சொல்லி, பழைய மாடலின் கனத்த பம்பரை மாட்டச் சொன்னேன்.

“வண்டிக்காரனுக்கு இன்னா ஆச்சு சார்?”

“அது உனக்கெதுக்குய்யா? பம்பரை மாட்டு!” என்று கத்தினேன்.

கச்சிதமாக மாட்டினார். முன்னால் போய் நின்றார். பம்பர் அவர் முழங்காலுக்கு நேராக இருந்தது.

“இது வளையாது சார். இனிமே நீங்க எறங்கிப் பாக்கற வேலையே இல்ல.”

என்ன திமிர்! மாட்டுவண்டியில் மோதியபோது நான் இறங்கவே இல்லை என்று அவருக்கு யார் சொன்னது?