பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?

“வாங்க வாங்க வாங்க! பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?”

கேஸ் சிலிண்டரைத் தோளில் சுமந்து வரும் ஜெபினுக்கு இந்தக் கேள்வி பழகிவிட்டது. “மாப்பிள்ளை வீடுண்ணா” என்று சொல்லிவிட்டு உள்ளே போகிறான். “அப்ப நேரா மாடிக்குப் போயிடுங்க, காபி வந்துக்கிட்டே இருக்கு” என்கிறார் சாம்பசிவன். மாடியில் குடியிருப்பவன் நான். அந்தக் காபி எனக்கே இன்னும் வந்து சேரவில்லை.

ஜெபின் கிளம்பும்போது அவன் கையில் ஒரு மஞ்சள் தாம்பூலப் பையைக் கொடுக்கிறார். உள்ளே ஒரு தேங்காய், இரண்டு வெற்றிலை, ஒரு பாக்குப் பொட்டலம். அவன் பையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வீட்டைச் சுற்றிப் போய், சமையலறை ஜன்னல் வழியாகச் சாம்பசிவனின் மனைவி திரிபுரசுந்தரியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகிறான். மாடம்பாக்கத்தில் எங்கள் தெருவுக்கு வந்து போகும் எல்லோருக்கும் இந்த ஏற்பாடு தெரியும். பால்காரர், கூரியர்காரர், கீரைக்கார அம்மா எல்லோரும் வாசலில் வாங்கி ஜன்னலில் கொடுத்துவிடுவார்கள். ஒரே தேங்காய்தான். ஆட்டிப் பார்த்தால் இப்போது சத்தம்கூட வருவதில்லை. பையை வாங்கிக்கொண்டு நேரே போய்விட்டவர் ஒரே ஒருவர், எதற்கோ கணக்கெடுக்க வந்த ஓர் அரசு ஊழியர். அன்றைக்கு மட்டும் திரிபுரசுந்தரி கடைக்கு ஓடிப் புதுத் தேங்காய் வாங்க வேண்டியதாயிற்று.

சாம்பசிவனுக்கு ஐம்பத்து மூன்று வயது. கஞ்சி போட்ட வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம், நாற்காலிகளைத் துடைப்பதற்கென்றே ஒரு கைக்குட்டை. குரோம்பேட்டை ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு வெகுகாலம் மேனேஜராக இருந்தார். வாசலில் நின்று வருகிறவர்களை எல்லாம் பிறந்ததிலிருந்து தெரிந்தவர்போல வரவேற்பார். ஒருவர் பெயரும் தெரியாது. “பேரு எதுக்கு சார்? பேரு தெரிஞ்சா அந்த ஒருத்தரத்தான் கூப்பிடலாம். தெரியலன்னா எல்லாரையும் கூப்பிடலாம்” என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். அப்போது அவருக்கு உடம்பு நன்றாக இருந்தது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருவேளை அப்போதே ஆரம்பித்துவிட்டிருக்கலாம். இந்தத் தொழில் பார்க்கிறவருக்கு மறதி நோய் வந்தால் யாருக்குத்தான் தெரியும்?

தெரிய வந்தது ஓர் ஆவணி மாதத்தில். ஒரே முகூர்த்தத்துக்கு இரண்டு கல்யாணங்களுக்கு மண்டபத்தைக் கொடுத்திருந்தார். இரண்டு மாப்பிள்ளை அழைப்பும் இரண்டு நாதஸ்வரத்தோடு வாசலில் வந்து மோதிக்கொண்டன. சாம்பசிவன் இரண்டு மாப்பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி பன்னீர் தெளித்து, “ஒருத்தர் மேல, ஒருத்தர் கீழ, சாப்பாடு எல்லாருக்கும் ஒண்ணு” என்று தீர்ப்புச் சொன்னார். மண்டபத்துக்காரர் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மூளையைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், இது வயதானவர்களுக்கு வருகிற அதே டிமென்ஷியாதான், இந்த வயதிலும் வரும் என்றார்.

வீட்டில் இருக்கச் சொன்னால் இருக்கிற ஆளா? போன தை மாதம் திரிபுரசுந்தரி பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில், மேளச் சத்தம் வந்த திசையில் நடந்து, கிழக்குத் தாம்பரத்தில் யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்குள் நுழைந்துவிட்டார். மாலைவரை அந்தக் கல்யாணத்தை அவர்தான் நடத்தினார். பந்தி விசாரித்தார். சாம்பாரில் உப்பு குறைவு என்று சமையல்காரரைக் கடிந்துகொண்டார். பெண் வீட்டார் அவரை மாப்பிள்ளையின் பெரியப்பா என்று நினைத்தார்கள், மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் தாய்மாமன் என்று நினைத்தார்கள். அந்தக் குடும்பப் புகைப்படத்தில் நட்டநடுவே சிரித்துக்கொண்டு நிற்கிறார். அவர் அங்கே சிரித்துக்கொண்டு நின்ற நேரத்தில், திரிபுரசுந்தரி தாம்பரம் ரயில் நிலையத்தில் நடைமேடை நடைமேடையாக அழுதுகொண்டு தேடினார்.

திரிபுரசுந்தரி தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். இனி லீவு போட்டால் வரவே வேண்டாம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். பகலில் கணவரோடு இருக்க ஓர் ஆள் வேண்டும், ஆளுக்குச் சம்பளம் வேண்டும், அதற்கு அரசாங்கத்தின் மாற்றுத்திறனாளி உதவித்தொகை கிடைத்தால்தான் உண்டு. ஆள் கிடைக்கும்வரை அந்த ஆள் நான். கட்டுரை எழுத உட்கார்ந்தால் கீழேயிருந்து, “மாடி ரூம்காரங்க சாப்டாச்சா?” என்று குரல் வரும். எழுதுவது எங்கே!

இவ்வளவு அலைச்சலிலும் திரிபுரசுந்தரிக்கு ஒரு பெருமை உண்டு. “ஊரே அவருக்கு விருந்தாளி சார். நான் ஒருத்திதான் வீட்டு ஆளு. என்ன மட்டும் ‘பொண்ணு வீடா’ன்னு கேட்டதே இல்ல. ‘சுந்தரி, காபி’ன்னுதான் கேப்பாரு” என்பார். சொல்லும்போது முகத்தில் ஒரு மிதப்பு தெரியும்.

உதவித்தொகை கேட்டு அலுவலகம் போன கதை தனி. முதியோர் கவுண்டரில், “வயசு பத்தலம்மா, அறுபது ஆகட்டும், வாங்க” என்றார்கள். மாற்றுத்திறனாளி கவுண்டரில், “கை, கால் எல்லாம் நல்லாத்தானேம்மா இருக்கு?” என்றார்கள்.

“மறதிங்க.”

“மறதியா? எனக்குந்தாம்மா மறதி. இன்னிக்கி ஹெல்மெட்டையே எங்கியோ வெச்சிட்டேன்.”

சாம்பசிவனுக்கு மனசு கேட்கவில்லை. கவுண்டருக்குள் குனிந்து, “கவலப்படாதீங்க. ஸ்டோர் ரூம்லதான் இருக்கும், எடுத்து வைக்கச் சொல்றேன்” என்றார். பின்னால் வரிசையில் நின்றவர்களைத் திருப்பி, பெரியவர்களை முன்னால் உட்கார வைத்தார். எல்லோரும் சொன்னபடி உட்கார்ந்தார்கள். அந்த அலுவலகத்தில் அப்படி ஓர் ஒழுங்கை நான் பார்த்ததில்லை.

கடைசியில், மருத்துவக் குழுவிடம் போய்ப் பாதிப்பு எத்தனை சதவீதம் என்று எழுதி வாங்கி வரச் சொன்னார்கள். சதவீதம் குறைந்தால் உதவித்தொகை இல்லை. எங்களை ஏற்றிக்கொண்டு போனது இரும்புலியூர் பொன்னுரங்கத்தின் ஆட்டோ. அரசாங்கக் காகிதம் எது எங்கே கிடைக்கும் என்பதெல்லாம் தனக்கு அத்துப்படி என்பது பொன்னுரங்கத்தின் எண்ணம்.

“இன்னிக்கி என்ன தேதி?” என்று கேட்டார் அங்கிருந்த டாக்டர்.

“முகூர்த்த நாள் சார். நல்ல நாள்” என்றார் சாம்பசிவன்.

டாக்டர் பின்னாலிருந்த காலண்டரைத் திரும்பிப் பார்த்தார். முகூர்த்த நாள்தான்.

“இப்ப எங்க இருக்கீங்க?”

“உங்க இடத்துலதான் சார். ஃபேன் வேகம் போதுமா?”

“நான் மூணு பொருள் சொன்னேனே, ஞாபகம் இருக்கா?”

“அதெல்லாம் ஸ்டோர் ரூம்ல எறக்கியாச்சு சார். நீங்க நிம்மதியா இருங்க.”

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். இவ்வளவு சுவாரசியமான மனிதரைப் பார்த்து நாளாயிற்று என்று சொல்லி, லேசான பாதிப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டார். சாம்பசிவன் அவருக்குத் தாம்பூலப் பையைக் கொடுத்தார். அதைத் திருப்பி வாங்க நான் மறுபடி உள்ளே போக வேண்டியிருந்தது.

“இன்னாக்கா நீ!” என்று ஆட்டோவில் குதித்தான் பொன்னுரங்கம். “மாப்ள கணக்கா ஜோடிச்சு இட்டுகினு போனா எவன் எயுதித் தருவான்? அட்த்த தபா ஷேவிங் வாணாம், குளிக்க வாணாம். சட்டை பட்டனை ஏறுக்கு மாறா போட்டு வுடு. அண்ணன் வாயத் தொறந்தாத்தான் பேஜாரு. கையில ஒரு முறுக்கு குடுத்துட்டா, அது பாட்டுக்குக் கட்ச்சுகினு கெடக்கும்.”

திரிபுரசுந்தரி தலையாட்டினார். மறுபடி பார்க்கச் சொல்லி மனுப் போட்டு, நாளும் கிடைத்தது. அன்று காலை கதவு திறந்தது. சாம்பசிவன் மழமழவென்று ஷேவ் செய்து, கஞ்சி வேட்டியும் சந்தனமுமாக வந்து நின்றார். பொன்னுரங்கம் தலையில் அடித்துக்கொண்டான்.

“முடியல பொன்னுரங்கம்” என்றார் திரிபுரசுந்தரி. “அவர் ஒரு நாளும் அழுக்கா வெளிய போனதில்ல. நானா அப்படிக் கூட்டிட்டுப் போகணும்?”

திட்டத்தில் மிஞ்சியது முறுக்கு மட்டும்தான். உள்ளே போனதும் சாம்பசிவன் அதை இரண்டாக உடைத்து, “டிபன் ஆச்சா மேடம்?” என்று பாதியை டாக்டரிடம் நீட்டினார்.

இந்த முறை ஒரு பெண் டாக்டர். முறுக்கை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டுக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். பழைய கதைதான். முகூர்த்த நாள், ஸ்டோர் ரூம், ஃபேன். திரிபுரசுந்தரி வேறு, வகுப்பில் தடுமாறும் பிள்ளைக்கு எடுத்துக் கொடுப்பதுபோல உதட்டை அசைத்துக்கொண்டே இருந்தார். டாக்டர் அவரைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னார். நான் ஸ்கேன் படங்களைப் பிடித்துக்கொண்டு மூலையில் நின்றேன். சாம்பசிவன் இன்னும் உற்சாகமானார். டாக்டரின் உதட்டிலும் சிரிப்பு எட்டிப் பார்த்தது. போச்சு, இந்தத் தடவையும் போச்சு என்று நான் ஸ்கேன் படங்களை உறையில் போட ஆரம்பித்தேன்.

“சரி, அவங்கள உள்ள வரச் சொல்லுங்க” என்றார் டாக்டர்.

திரிபுரசுந்தரி கதவைத் திறந்துகொண்டு வந்தார். சாம்பசிவன் சட்டென்று எழுந்தார், கை கூப்பினார், முகமெல்லாம் சிரிப்பு.

“வாங்கம்மா, வாங்க வாங்க! பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?”

டாக்டரின் சிரிப்பு நின்றுவிட்டது. திரிபுரசுந்தரி கதவின் பிடியை விடாமல் அப்படியே நின்றார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

“பொண்ணு வீடுங்க” என்றார்.

“அப்ப உங்களத்தான் நல்லா கவனிக்கணும். மொதப் பந்தியிலயே உக்காந்துடுங்க” என்று சாம்பசிவன் கைக்குட்டையால் நாற்காலியைத் துடைத்து உட்காரவைத்தார். டாக்டர் பேனாவை எடுத்தார். நிறைய நேரம் எழுதினார். போதுமான சதவீதம்தான் என்பதை அவர் சொல்லாமலே தெரிந்துகொண்டோம்.

கிளம்பும்போது சாம்பசிவன் மஞ்சள் பையைத் தேடி எடுத்தார். டாக்டருக்குத்தான் போகப்போகிறது என்று நான் கையைத் தயாராக வைத்திருந்தேன். அவர் டாக்டரைத் தாண்டி வந்து, பையை மனைவியிடம் நீட்டினார்.

“ஒண்ணும் கொறையில்லையேம்மா? வீட்ல எல்லாரையும் கேட்டேன்னு சொல்லுங்க.”

இதுவரை அந்தப் பை எத்தனையோ கை மாறி, கடைசியில் ஜன்னல் வழியாகத் திரிபுரசுந்தரியிடம்தான் வந்து சேர்ந்திருக்கிறது. இன்றைக்கு அதை யாரிடம் திருப்பிக் கொடுப்பார்? திரிபுரசுந்தரி எழுந்து நின்று, முந்தானையை இரண்டு கைகளாலும் விரித்து, அந்தப் பழைய தேங்காயை வாங்கிக்கொண்டார்.