அத்தையின் ஆரஞ்சு லைன்

டிரவுட் என்றொரு மீன் கிள்ளான் பாசாரில் எந்தக் கடையிலும் கிடைக்காது. அந்த மீனைப் பிடிக்கத்தான் என் அத்தை, எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னாலிருந்த திடலில், சொட்டுத் தண்ணீர் இல்லாத புல்தரையில் தூண்டில் வீசிப் பழகிக்கொண்டிருந்தார். அத்தை மருத்துவமனையில் தாதி. நியூசிலாந்துக்கு வேலைக்குப் போய்விட்ட தோழி ஒருவர், இங்கே வந்தால் ஆற்றில் டிரவுட் பிடிக்கலாம் என்று ஆசை காட்டி, ஆரஞ்சு நிறத்தில் ஃப்ளை லைன் என்ற ஒரு தூண்டில் கயிற்றை அனுப்பியிருந்தார். அத்தைக்கும் அங்கே வேலை கிடைத்திருந்தது. அப்பாதான் தங்கையைத் தனியாக அனுப்ப மாட்டேன் என்று நின்றார்.

ஃப்ளை என்றால் ஈ என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கோழிக்கடைப் பக்கம் போய், பிஸ்கட் டின்னில் ஈக்களைப் பிடித்து அடைத்துக்கொண்டு வந்து பெருமையாக நீட்டினேன். அத்தை சிரித்து முடிக்கவே வெகுநேரம் ஆயிற்று. பிறகுதான், இறகைக் கட்டி ஈ மாதிரி செய்திருந்த தூண்டில் முள்ளைக் காட்டினார். முள்ளுக்குக் கனமே கிடையாது, கனமெல்லாம் லைனில்தான். அதைத் தலைக்கு மேலே முன்னும் பின்னும் ஆட்டி வீச வேண்டும். அத்தை பின்னால் ஆட்டும்போதெல்லாம் கீழ்வீட்டுக்காரர் காயப்போட்ட கைலிதான் மாட்டியது.

அண்ணன் தங்கை இருவருக்குமே பிடித்த முயலுக்கு மூன்றே கால். ஒருநாள் சாப்பாட்டு மேசையில் பேச்சு முற்றிவிட்டது.

“அந்தக் கயித்துல ஒரு மீன் பிடிச்சுக் காட்டு. அப்புறம் நீ போ, நான் தடுக்கல” என்றார் அப்பா.

“ஞாயித்துக்கிழமை குளத்துக்கு வாங்கண்ணே” என்றார் அத்தை.

எனக்கு ஒரே குஷி. அத்தை ஜெயிக்க வேண்டும் என்று பத்துமலைக் கோயில் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டேன். நியூசிலாந்து எனக்குக் கேமரன் மலை மாதிரி, விடுமுறைக்குப் போய்விட்டு வருகிற இடம்.

ஷா ஆலம் பக்கத்தில், கட்டணம் கட்டி மீன் பிடிக்கும் குளம் அது. அத்தை தூண்டிலைச் சுழற்றியதும் சுற்றியிருந்தவர்கள் தங்கள் தூண்டிலை மறந்து வேடிக்கை பார்த்தார்கள். குளத்துக்காரர், “அக்கா, இங்க உள்ள திலாப்பியாவுக்கு ரொட்டிதான் லா தெரியும்” என்று சிரித்தார். லைன் என்னவோ அழகாகத்தான் போய் விழுந்தது. மீன்தான் சீண்டவில்லை. வெயில் ஏற ஏற அத்தையின் முகம் வாடிப்போனது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சாப்பிடக் கொண்டுவந்திருந்ததில் என் பங்கு ரொட்டியைப் பிய்த்து, இறகு மிதந்த இடத்தில் அத்தைக்குத் தெரியாமல் வீசினேன். மீன்கள் திமுதிமுவென்று கூடின. அந்த நேரம் பார்த்து ரொட்டி தீர்ந்துவிட்டது. மீதிப் பொட்டலம் கூரைக்கடியில் உட்கார்ந்திருந்த அப்பாவிடம் இருந்தது. ஓடிப்போய், “பசிக்குதுப்பா” என்று புளுகினேன். அப்பா தண்ணீரில் மிதந்த துணுக்குகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பொட்டலத்தை அப்படியே என் கையில் கொடுத்தார்.

“கொஞ்சங் கொஞ்சமா போடு” என்றார்.

திட்டு விழவில்லையே, அதுவே போதும் என்று ஓடினேன்.

உள்ளங்கை அகலத் திலாப்பியா ஒன்று இறகைக் கவ்வியது. அத்தை “அண்ணே! அண்ணே!” என்று கத்தினார். சிரித்தவர்களே கைதட்டினார்கள். அப்பா எழுந்து வந்து, ஈரமான லைனைத் தொட்டுப் பார்த்து, “நல்ல லைன்தான். எப்பக் கெளம்பணும்?” என்று கேட்டார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே நின்றார். கண் சிவந்திருந்தது.

தோற்றுப்போன அப்பாவைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்:

“பரவாயில்லப்பா. அடுத்த வாரம் நீங்க ஜெயிச்சிடலாம்.”