நாற்பத்தெட்டு கிலோ

பெரம்பலூரில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து சம்பளமில்லாமல் நடத்தும் குத்துச்சண்டைப் பயிற்சிக்கு மக்காச்சோள மண்டியின் பின்கொட்டகைதான் இடம். மண்டிக்காரர் சும்மா கொடுத்திருந்தார். வருகிறவர்கள் கல்குவாரியிலும் கொல்லை வேலையிலும் காலம் தள்ளுகிறவர்களின் பிள்ளைகள். பகலில் நான் வயரிங் வேலை செய்பவன், சாயங்காலமானால் ‘சார்’. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

குவாரியில் ஜல்லி சுமக்கும் ஓர் அம்மாவின் மகள், பத்தாவது முடித்தவள், எங்களிடம் இருந்தாள். அவள் இடது கையை வீசினால் பையன்களே பின்வாங்குவார்கள். திருச்சியில் விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுத்தார்கள். கிடைத்தால் படிப்பு, சாப்பாடு, தங்க இடம். கிடைக்காவிட்டால் திருப்பூர் மில்லுக்கு அனுப்புவதாக அவள் அம்மா ஏஜென்டிடம் சொல்லிவிட்டார். வயது வரம்பும் அந்த வருடத்தோடு சரி.

அவளுக்குப் பெயர் கொடுத்த பிரிவில் எடை நாற்பத்தெட்டு கிலோவைத் தாண்டக் கூடாது. பத்து நாள் ராத்திரிச் சோற்றை நிறுத்தினேன். தினமும் மண்டியின் எடை மெஷினில் ஏற்றிப் பார்த்தேன். கிளம்பும் அன்று நாற்பத்தேழரை காட்டியது.

திருச்சியில் நாற்பத்தொன்பது.

“ஏண்டி, பஸ் ஸ்டாண்டுல என்னத்த தின்ன?” அத்தனை பேர் முன்னால் கத்தினேன்.

“சத்தியமா ஒண்ணும் திங்கல சார்.”

ஒரு மணி நேரம் அவகாசம் கொடுத்தார்கள். ரெயின்கோட்டை மாட்டி வெயிலில் ஓடவிட்டேன். தண்ணீர் கேட்டாள், கொடுக்கவில்லை. அரைக் கிலோதான் இறங்கியது. “முடிய வெட்டிரவா சார்?” என்றாள். வாயை மூடு என்றேன். பெயரை அடித்துவிட்டார்கள்.

வீட்டில் கொண்டுபோய் விட்டபோது அவள் அம்மாவிடம், “எனக்குத் தெரியாம எதையோ தின்னுருக்கு உங்க பொண்ணு. எல்லாம் பாழாப் போச்சு” என்றேன். அந்த அம்மா என் கண் முன்னாலேயே அவளை அறைந்தார். அந்த வாரமே மில் வேன் வந்தது.

மாதம் ஒன்று போயிருக்கும். கொட்டகைத் தரையைப் பூச அரியலூரிலிருந்து சிமெண்ட் வந்தது. பிரிக்காத மூட்டை ஒன்றை இறக்கும்போது விளையாட்டாக எடை மெஷின் மேல் போட்டேன். ஐம்பது கிலோ மூட்டை நாற்பத்தெட்டரை காட்டியது.

எங்கப்பா இதே மண்டியில் சோளம் போட்டவர். “எடையில அடிக்கிறான் படுபாவி” என்று அவர் வீட்டுக்கு வந்து கத்தாத அறுவடை கிடையாது. அதைக் கேட்டே வளர்ந்தவன் நான். சோளத்துக்குப் பொய் சொல்லும் மெஷின் பிள்ளைக்கு மட்டும் நிஜம் சொல்லுமா என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

மில்லில் ஞாயிற்றுக்கிழமைதான் போன் பேச விடுவார்கள். விஷயத்தைச் சொன்னேன். தப்பு உன்மேல் இல்லை, என்மேல்தான் என்றேன். நேரமாச்சு என்று பின்னால் யாரோ அவசரப்படுத்தினார்கள்.

“எங்கம்மாகிட்டயும் சொல்லிடுங்க சார்” என்றாள். “இங்க வந்ததுலேர்ந்து அது எங்கூட பேசவே இல்ல.”