கத்தியது ரசிகன் அல்ல

வயர்மேனுக்கு அந்த ராக் குழுவைப் பிடிக்காது என்பது மட்டும்தான் மாப்பிள்ளைக்குத் தெரியும். ஏன் என்று தெரியாது. வயசானவருக்கு இரைச்சலாக இருக்கிறது போலும் என்று தானே ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொண்டு, மாமனார் காரில் ஏறினால் பாட்டை நிறுத்திவிடுவார். மரியாதை தெரிந்த பிள்ளை.

அன்று மோட்டார் சுற்றும் செம்புக் கம்பி வாங்கிக்கொண்டு இருவரும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளைக்கு ஆவல் தாங்கவில்லை.

"மாமா, இதை மட்டும் கேளுங்க. நான் பொறக்கறதுக்கு முன்னாடி நடந்த கச்சேரி. என்ன வாசிக்கப் போறோம்னு அவங்களுக்கே தெரியாது, மேடையில தோணினதை அப்பப்ப வாசிப்பாங்க. பழைய ரெக்கார்டுல பாதியை வெட்டிட்டாங்க, நல்ல வேளை, இப்ப வரப்போற இடத்தை மட்டும் விட்டுவெச்சாங்க. இப்பதான் முழுசா வந்திருக்கு."

கிட்டார் எங்கேயோ அலைந்துகொண்டிருந்தது. டிரம்ஸ் அதைத் துரத்தியது. திடீரென்று ஒரு அலறல். எல்லா வாத்தியமும் ஒரு கணம் தடுமாறியது. பிறகு கிட்டார் அந்த அலறலின் சுருதியை அப்படியே பிடித்து, இழுத்து, நெளித்து, மேலே மேலே கொண்டுபோயிற்று.

"கேட்டீங்களா? யாரோ ஒரு ரசிகன் பரவசம் தாங்காம கத்தறான். அதையே பாட்டாக்கிட்டாரு மாமா! உலகத்துல இதுக்கு ஈடே இல்ல."

"வண்டியை நிறுத்துங்க."

"என்ன மாமா, தலை சுத்துதா?"

"நிறுத்துங்கன்னா நிறுத்துங்க!"

வயர்மேன் இறங்கிச் சாக்கடை ஓரமாக நின்றார். வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டார். அந்த வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை. உள்ளங்கைத் தோல் உருகி இறுகிய பிளாஸ்டிக் போலப் பளபளக்கும். மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் அது "வேலையில கரண்ட் அடிச்சது" என்ற ஒற்றை வரிக் கதை. மீதி அவர் மனைவிக்கு மட்டுமே தெரியும்.

அப்போது அவருக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான். கம்பத்தில் அணில் மாதிரி ஏறுவார். அந்தக் கச்சேரிக்கு விளக்கு வேலை அவருடையது. நடுவில் மேடையின் இடது பக்க விளக்குகள் சிமிட்ட ஆரம்பித்தன. மேடையோரத்து சுவிட்ச் பலகையில் ஒரு இணைப்பு தளர்ந்திருந்தது.

"ஒரு நிமிஷம் மெயினை அணைக்கணும். பாட்டு முடியட்டும்" என்றார்.

"இவங்க பாட்டு எங்கய்யா முடியும்? ஒண்ணுக்குள்ள ஒண்ணு போய்க்கிட்டே இருக்கும். அப்படியே முடுக்கி விடு" என்றார் குழுவின் மேனேஜர்.

அப்படியே முடுக்கினார். அப்படியே பிடித்தது.

மேடை இருண்டது. ஒலிப்பெருக்கிக்குத் தனி லைன் என்பதால் சத்தம் மட்டும் நிற்கவில்லை. நாற்காலி அடுக்குகிறவர்கள் இரண்டு பேர் மரக்கட்டையால் தட்டி அவரைப் பிரித்து, ஒரு திரைச்சீலையில் போட்டுத் தூக்கிப் போனார்கள். தூக்கிப் போகும் வழியெல்லாம் கிட்டார் அவரைப் போலவே அலறிக்கொண்டு வந்தது. அதுதான் அவருக்குக் கடைசியாக நினைவிருந்தது. ஏதோ கேலி செய்கிறார்கள் என்று நினைத்தார். ஆஸ்பத்திரிக்கு ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. மாதக்கணக்கில் மனைவிதான் சோறு ஊட்டினாள், சட்டைப் பொத்தான் போட்டுவிட்டாள். அப்புறம் ஏது கம்பம்? இடது கையால் திருப்புளி பிடிக்கப் பழகி, சந்துக்குள் ஒரு கடை போட்டு, மிக்ஸிக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் உயிர் கொடுத்துக் காலத்தை ஓட்டினார்.

சாக்கடை ஓரத்திலேயே எல்லாவற்றையும் சொன்னார். மாப்பிள்ளை முகம் வெளுத்துப்போனது.

"எத்தனை தடவை ரசிச்சுக் கேட்டிருக்கேன் மாமா..." என்றார். பிறகு தயங்கித் தயங்கி, "ஞாயித்துக்கிழமை அதே அரங்கத்துல இதைப் போட்டுக் கேக்கறாங்க. அந்த கிட்டார்காரர் வர்றார். டிக்கெட் வாங்கி வெச்சிருந்தேன். கிழிச்சுப் போட்டுடறேன்."

"எதுக்குக் கிழிக்கணும்? போவோம். எரியற வீட்ல பிடுங்கினவனை நான் ஒரு தடவை நேர்ல பாக்கணும்."

ஞாயிறு பகலில் அரங்கம் நிரம்பி வழிந்தது. வாசலில் பனியன் விற்றார்கள். நெஞ்சில் ஒரு திறந்த வாயின் படம், அதற்குக் கீழே "கத்து!" என்ற எழுத்து. வயர்மேன் ஒன்றை எடுத்துப் பார்த்தார். விற்கிற பெண், "உங்க சைஸ் இருக்குங்க ஐயா" என்றாள். அதைக் குவியலிலேயே போட்டுவிட்டு உள்ளே போனார்.

கிட்டார்காரர் மேடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நரைத்த குடுமி, கையில் தண்ணீர்க் குவளை. பதிவு ஓடியது. அந்த இடம் நெருங்க நெருங்க ஜனம் எழுந்து நின்றது. வயர்மேனுக்கு எதற்கென்று புரியவில்லை. அலறல் வந்த அதே நொடியில் மொத்த அரங்கமும் ஒன்றாக அலறியது. மனப்பாடம் செய்திருக்கிறார்கள்! அலறிவிட்டுச் சிரித்தார்கள், ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். பூனைக்குக் கொண்டாட்டம், எலிக்குத் திண்டாட்டம்.

"மாமா, வேண்டாம்" என்று மாப்பிள்ளை சொல்லி முடிப்பதற்குள் அவர் மேடைப் படியில் இருந்தார். தொகுப்பாளர் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினார்.

"பாட்டை நிறுத்துங்க! கத்தினது ரசிகன் இல்ல. நான். மேடையோரம் சுவிட்ச் பலகைல கரண்ட் அடிச்சுக் கத்தினேன்." வலது கையைத் தூக்கிக் காட்டினார்.

பின் வரிசையில் யாரோ ஒருவர் கைதட்டினார். இன்னொருவர் சேர்ந்துகொண்டார். அப்புறம் அரங்கமே எழுந்து தட்டியது. சிலர் போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள்.

வயர்மேனுக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது.

"எதுக்குடா கை தட்டறீங்க? வெந்து போன கையைப் பாத்தா கை தட்டத் தோணுதா? மனுசங்கதானாடா நீங்க?"

கைதட்டல் செத்துப்போனது. அவர் கிட்டார்காரர் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

கிட்டார்காரர் குவளையைக் கீழே வைத்தார். "தெரியும். உங்களைத் தூக்கிட்டுப் போறது நிழலாத் தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன் நிறுத்தல?"

"அன்னிக்கு வாசிப்பு அப்படி அமைஞ்சுபோச்சு. கை நிக்கல."

"உன் கை நிக்கல. என் கை நின்னுபோச்சுய்யா!"

தொகுப்பாளர் குறுக்கே வந்து, இனிமேல் ரெக்கார்டு அட்டையில் அவர் பெயரையும் போட்டுவிடலாம் என்றார்.

"என் பேரு எதுக்கு? என் சத்தத்தை எடுத்துடுங்க."

"அதை எடுத்துட்டா, அதுக்கப்புறம் நான் வாசிச்சதுக்கு அர்த்தமே இருக்காதே" என்றார் கிட்டார்காரர். கெஞ்சுவது போல இருந்தது.

"இல்லாம போகட்டும்."

மைக்கை நாற்காலியில் போட்டுவிட்டு இறங்கி நடந்தார். யாரும் தடுக்கவில்லை. கிட்டார்காரர் மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொன்னாரா இல்லையா என்று மாப்பிள்ளைக்கும் பிறகு சரியாக நினைவில்லை.

வீட்டில் மனைவி கதவைத் திறந்ததும் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள்.

"கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி கேட்டீங்களா?"

"மாப்பிள்ளையைக் கேளு."

"இன்னும் நாலு கேட்டிருக்கணும். நான் வந்திருந்தா அந்தக் கிட்டாரை உடைச்சிருப்பேன்" என்று சொல்லிவிட்டு, அடுப்படிக்குள் போய்ப் பாத்திரங்களை டமார் டமார் என்று வைத்தாள்.

அலறலை யாரும் எடுக்கவில்லை. பனியன் மட்டும் விற்பனையிலிருந்து போனது என்று மாப்பிள்ளை விசாரித்து வந்து சொன்னார். வயர்மேன், "சரி" என்றார். கோபம் ஒன்றும் தணியவில்லை. ஆனால் அதுவரை அவருக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்த கோபத்துக்கு இப்போது போக ஒரு முகவரி கிடைத்திருந்தது.

சில நாள் கழித்துக் கடைக்கு இருவர் வந்தார்கள். பார்வையிலேயே தெரிந்தது, அன்று அரங்கத்தில் கைதட்டியவர்கள்.

"சார், உங்க கையோட ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?"

"ரிப்பேருக்கு ஏதாவது கொண்டு வந்திருக்கீங்களா?"

"இல்ல சார்."

"அப்ப வழியை விட்டு நகருங்க. வெளிச்சம் மறைக்குது."